கையை ஆட்டுங்கப்பா

கேமரா கெட்டுப்போய்விட்டது என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருடைய கேமரா கெட்டிருக்காது. வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள். இல்லையென்றால் கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று பெட்டியையே அணைத்து வைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் லென்ஸ் மேல் சிலந்தி கூடு கட்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர், யாரோ வெள்ளைத் துணியால் கேமராவை மூடிவிட்டுத் திருட வருகிறான் என்று போலீஸ் வரைக்கும் போய்விட்டார். நான் போய் ஒரு துடைப்பக் குச்சியால் கேஸை முடித்து வைத்தேன். "உன் கடைக்கு 'கண்ணால் காண்பதும் பொய்'னு பேரு வெச்சுடலாம்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த ரயில் டிரைவர் வீட்டுக்குப் போய்வந்த பிறகு அந்த கேலிக்கு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

என்னைக் கூப்பிட்டது அவருடைய மகள். அவள் இருப்பது வேறு ஊரில், பறந்துதான் வர வேண்டிய தூரத்தில். ஒரு பெரிய மருந்துக்கடையில் வேலை.

"அக்கா, வாசல் கேமரா வருது. பின்பக்கம் வருது. ஹால் மட்டும் வரமாட்டேங்குது. எனக்கு ஹால்தான் வேணும். அப்பா அங்கதான் உக்காந்திருப்பாரு. அம்மா போனதுக்கப்புறம் அவரு தனியா இருக்காரு."

"யாராவது வந்து பார்த்தாங்களாம்மா?"

"ரெண்டு பேரு வந்தாங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க. அவங்க தெருமுனை தாண்டறதுக்குள்ள மறுபடி போயிடுது."

"பக்கத்துல ஆள் நின்னா ஓடும், நகர்ந்தா படுத்துக்கும்னா, அது எங்க வீட்டுக்காரர் மாதிரில்ல இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க போய் நல்லாப் பாருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். சிரிக்காத வாடிக்கையாளர்களை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கதவைத் திறந்தவர் ஒல்லியாக, உயரமாக, சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் இருக்கிறவர் எதற்கு இப்படிப் பித்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் டிரைவர் உடம்பு அப்படியே இருந்தது. நிற்கும்போதுகூட எதிரே தண்டவாளம் இருக்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சின்ன ஹால். ஒரு சோபா, ஒரு மர நாற்காலி, ஒரு இரும்பு அலமாரி. வாசல் கதவை ஒட்டிச் சுவரில் ஒரு டேப்லெட் பதித்திருந்தது. அதில்தான் வீட்டின் விளக்கு, மோட்டார், பூட்டு, கேமரா எல்லாம் தெரியும். மகள் தன் சம்பளத்தில் போட்டுக் கொடுத்தது. சோபாவில் ஒரு பச்சைப் படுக்கை விரிப்பு பாதி மடித்தபடி கிடந்தது. நான் பையை அதன் பக்கத்தில் வைக்கப் போனேன்.

"அங்க வேணாம்மா" என்றார் சட்டென்று. "நாற்காலியில வைங்க."

சரி, சுத்தக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இதெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று டேப்லெட்டைக் காட்டினார். "என் வீட்டம்மாதான் எல்லாத்தையும் கத்துக்கிட்டா. சமையல்கட்டுல இருந்தே லைட்டை அணைப்பா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன், பட்டுன்னு இருட்டாயிடும். சாப்பிட வரலைன்னா அதான் தண்டனை."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சிரித்தார். அப்புறம் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

நான் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். ஹால் கேமரா அப்போது உயிரோடுதான் இருந்தது. நான் வருவதற்குச் சற்று முன்னால்தான் விழித்திருக்கிறது. அதன் குறிப்புகளைப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. வைஃபை அறுந்து அது விழவில்லை. ஒவ்வொரு தடவையும் கரண்டே இல்லாமல் போய், புதிதாகப் பிறந்த குழந்தை மாதிரி முதலிலிருந்து எழுந்து வந்திருக்கிறது. அலமாரியின் பின்னால் எட்டிப் பார்த்தேன். அங்கே இருந்த எல்லா வயர் மேலும் தூசி படிந்திருந்தது. கேமராவின் ப்ளக் மட்டும் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது.

"ஐயா, இந்த வீட்டுல எலி இருக்கா?"

"இல்லையேம்மா."

"பல்லி?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும்."

"பல்லி ப்ளக்கைப் புடுங்குமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கோபப்படுவார்கள், சத்தம் போடுவார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாம்மா புடுங்கறேன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா? "நல்லாருக்குய்யா! உங்க பொண்ணு அங்க தூக்கமில்லாம துடிக்குது. ரெண்டு மெக்கானிக் வந்து மண்டையை உடைச்சுக்கிட்டுப் போயிருக்காங்க. நான் ஊரைத் தாண்டி வந்திருக்கேன். நீங்க கமுக்கமா ப்ளக்கைப் புடுங்கி வெச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி கதவைத் திறக்கறீங்க!"

"சொல்றது சரிதாம்மா. அவ ஃபோன் பண்ணிக் கத்தினா சொருகுவேன். பேசி முடிச்சதும் எடுத்துடுவேன்."

"ஏன்?"

"எப்பப் பாத்தாலும் ஒரு கண்ணு என்னையே பாத்துக்கிட்டு இருக்கறது பிடிக்கல." இதை என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அது நியாயமான காரணம்தான். எத்தனையோ பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாம், நாற்காலி மட்டும் தெரிகிற மாதிரி செய்யலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே எழுந்தேன். வந்ததற்கு ஒரு தடவை சோதித்துவிட்டுப் போகலாம் என்று கேமராவுக்கு எதிரே நின்று, என் ஃபோனில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். பைத்தியம் மாதிரி ஆளில்லாத அறையில் கையாட்டிக்கொண்டு நிற்போம். படத்திலும் கை ஆடினால் ஓடுகிறது என்று அர்த்தம்.

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "என் பொண்ணும் இப்படித்தாம்மா. படம் வந்துச்சுன்னா போதும், 'அப்பா, கையை ஆட்டுங்க'ம்பா. பேசற பேச்சை விட்டுட்டு நான் எழுந்து நின்னு ஆட்டணும். ஒரு தடவை ஆட்டினா விடமாட்டா."

"செல்லப் பொண்ணு."

"சின்னப் பிள்ளையா இருக்கறப்ப எங்க குடியிருப்புக்குப் பின்னாலதான் ரயில் பாதை. என் வண்டி போற நேரம் பார்த்து ஜன்னல்ல ஏறி நின்னு கையாட்டுவா. நான் ஒரு ஹார்ன் கொடுப்பேன். அத இப்ப எனக்குத் திருப்பிக் கொடுக்கறா போல இருக்கு." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கழுதை வயசாச்சு, இன்னும் பாப்பாதான்."

அப்போது வீட்டின் பின்பக்கத்தில் 'கர்ர்' என்று தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானாகவே ஓடும்படி வைத்திருக்கிறார்கள். ஹால் விளக்கு ஒரு கணம் மங்கிப் பிரகாசமானது. அலமாரி மேலிருந்த வைஃபை பெட்டியின் பச்சைப் புள்ளிகள் அணைந்து, ஒவ்வொன்றாக மறுபடி எரிந்தன. நான் பையை எடுக்க நாற்காலிப் பக்கம் போனேன். தற்செயலாக ஃபோனைப் பார்த்தேன்.

ஃபோனில் நான் இன்னும் கேமராவுக்கு எதிரே நின்று பல்லைக் காட்டிக்கொண்டு கையைத் தூக்கியிருந்தேன்.

நகர்ந்து பார்த்தேன். ஃபோனில் இருந்த நான் நகரவில்லை. மூடித் திறந்து பார்த்தேன். அதே பல், அதே கை. சுவரிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தேன். அதிலும் அதே. அலமாரி மேல் வைஃபைக்குப் பக்கத்தில் இருந்த, வீட்டின் மூளை என்று சொல்கிற சின்னப் பெட்டி, கேமரா நன்றாக இருக்கிறது என்று பச்சைக் குறி போட்டு, கடைசியாகக் கையில் கிடைத்த படத்தையே எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. வைஃபை கண் சிமிட்டிய நேரத்தில் படம் வருவது நின்றதை அது கவனிக்கவே இல்லை; கேமராவுக்குக் கரண்டே போனால்தான் அதற்கு உறைக்கும்.

"அட, நின்னுபோச்சே!" என்று கத்தினேன். எனக்கு ஒரே குஷி. ரெண்டு பேர் கண்டுபிடிக்காத கோளாறு என் கையில் சிக்கிவிட்டதே! "ஐயா, இங்க பாருங்க! மோட்டார் போட்டதும் வோல்டேஜ் இறங்குது. படம் அப்படியே உறைஞ்சு போகுது. பாக்கறவங்களுக்கு ஓடற மாதிரியே இருக்கும். மூலையில நேரம் காட்டினாலாவது தெரியும், முன்னாடி வந்து மாட்டின மகராசன் அதையும் அணைச்சு வெச்சிருக்கான்…"

பேச்சோடு பேச்சாகத் திரும்பினேன். அவர் பேயறைந்தவர் மாதிரி நின்றார். அந்த டேப்லெட்டைப் பார்க்க முடியாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு விடுவிடுவென்று அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் ப்ளக்கைப் பிடுங்கினார். சற்று நேரத்தில் டேப்லெட் கறுத்தது.

"இத என் பொண்ணுகிட்ட சொல்லாதீங்கம்மா" என்றார். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"ஐயோ, என்ன பேச்சுய்யா இது! முதல்ல உக்காருங்க."

அவர் சோபாவில் உட்காரவில்லை. தரையில், சோபாவில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தார். நானும் எதிரே தரையில் உட்கார்ந்தேன். மெதுவாகச் சொன்னார். சொன்னதில் பாதி அந்தப் பச்சை விரிப்பைப் பார்த்துச் சொன்னதுதான்.

அன்று அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். கடையில் கூட்டம். காத்திருக்கும்போது வீட்டுக்கு ஃபோன் போட்டார், வரும்போது என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்க. மனைவி எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கலாம். ஆனால் இந்த வீட்டுப் பழக்கம் வேறு. கேமரா வந்ததிலிருந்து, யாராவது ஃபோனை எடுக்காவிட்டால் மகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அவள் அத்தனை தூரத்திலிருந்து பார்த்து, "அம்மா குளிக்கப் போயிருப்பாங்க, ஹால்ல காணோம்", "அப்பா தூங்கறாரும்மா" என்று சொல்வாள். அது அவர்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரி. மகள் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி.

"அன்னைக்கும் அவளுக்குத்தான் போட்டேன். பாத்துட்டு, 'அம்மா சோபாவுல உக்காந்து பெட்ஷீட் மடிச்சுக்கிட்டு இருக்காங்கப்பா. ஃபோனை எங்கயாவது வெச்சுட்டு மறந்திருப்பாங்க'ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டேன். 'இன்னும் மடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. நீங்க மெதுவா வாங்கப்பா'ன்னா. நானும் மெதுவாதாம்மா வந்தேன். முடி வெட்டிக்கிட்டேன். ஷேவிங் கூட பண்ணிக்கிட்டேன். வழியில ஒருத்தர்கூட நின்னு அரட்டை அடிச்சேன்."

கதவைத் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது அந்த டேப்லெட்டைத்தான். அதில் மனைவி சோபாவில் உட்கார்ந்து, பச்சை விரிப்பின் ஒரு முனையைத் தாடையால் பிடித்துக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி சோபாவைப் பார்த்தார். விரிப்பு மட்டும் கிடந்தது. அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

"டாக்டர் சொன்னாரு, கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பொழைக்க வெச்சிருக்கலாம்னு. நான் வெளியே வந்து பாப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். அவ எடுத்ததும் கத்தறா, 'இப்பதானேப்பா பார்த்தேன், நல்லா உக்காந்திருந்தாங்களே'ன்னு. நான் என்னம்மா சொல்லுவேன்? 'ஆமாம்மா, நான் உள்ள வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. நான் வந்ததும் எழுந்தா, என் கையிலயே சாய்ஞ்சுட்டா, ஒரு நிமிஷம்கூட இல்ல'ன்னு சொல்லிட்டேன். வாயில அப்படி வந்துடுச்சு. இன்னைவரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருக்கேன்."

நான் லேப்டாப்பை மூடி வைத்தேன்.

"நான் ஓட்டினது ரயிலும்மா. ரயில்ல சிக்னல் கெட்டுச்சுன்னா அது சிவப்புல விழணும். அப்படித்தான் செஞ்சு வெச்சிருப்பாங்க. கம்பி அறுந்தாலும் சிவப்பு, கரண்ட் போனாலும் சிவப்பு. வண்டி நிக்கும், லேட்டாகும், ஜனங்க திட்டுவாங்க, போயிட்டுப் போகுது. கெட்ட சிக்னல் பச்சையில நிக்கக் கூடாது. அப்படி நின்னா ஆளைக் கொன்னுடும். வேலையில இருந்த காலமெல்லாம் ஒரு பொய்ப் பச்சை நான் பாத்ததில்ல. என் வீட்டுக்குள்ள பாத்தேன்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் படம் அவ கண்ணு முன்னாடி ஒரு தடவை நின்னுச்சுன்னா போதும்மா. கெட்டிக்காரப் பொண்ணு. எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாத்துடுவா. 'மெதுவா வாங்கப்பா'ன்னு சொன்னது அவ வாய்தானே? அத எப்படித் தாங்குவா? அதனாலதான் புடுங்கி வெக்கறேன். படமே வராம போனா திட்டுவா. திட்டட்டும்."

நான் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள். பல்லி ப்ளக் பிடுங்குமா என்று கேட்ட நாக்கை அறுத்துப் போடலாம் போல் இருந்தது. குஷியாகக் கத்தினேனே, அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

"எனக்கு வாடிக்கையாளர்கிட்ட பொய் சொல்லிப் பழக்கமில்லைய்யா" என்றேன். பலவீனமாகத்தான் சொன்னேன்.

"தொழிலுக்காகச் சொல்ல வேணாம். எனக்காக ஒரே ஒரு தடவை."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? "ஆனா ப்ளக்கைப் புடுங்கக் கூடாது. நான் இத ஒழுங்கா செஞ்சு தர்றேன். வைஃபைக்கு ஒரு சின்ன பேட்டரி வெச்சுடறேன், மோட்டார் போட்டாலும் அசையாது. அப்படியும் எப்பவாவது படம் நின்னுச்சுன்னா, அந்தப் பெட்டி உடனே கண்டுபிடிச்சுக் கறுப்பாக்கிடும். பழைய படத்தைக் காட்டவே காட்டாது. உங்க கணக்குல சிவப்பு."

அவர் நெடுநேரம் யோசித்துத் தலையாட்டினார்.

பேட்டரி என் வண்டியில் இருந்தது. வெளியே போய்ப் பின்கதவைத் திறந்து தேடிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. அவள்தான்.

"அக்கா, என்ன கோளாறு?"

"ஒண்ணும் இல்லம்மா. ப்ளக் லூஸா இருந்துச்சு. சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்." என் குரல் எனக்கே வேறு யாருடைய குரல் மாதிரியோ கேட்டது.

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா."

மருந்துக்கடையில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: "படம் அப்படியே நின்னு போகுதாக்கா?"

"சேச்சே, அதெல்லாம் எங்க நிக்குது! புது கேமராம்மா."

"நிக்கும்க்கா. எனக்குத் தெரியும்."

பேட்டரியைத் திரும்ப வண்டியிலேயே வைத்துவிட்டேன்.

"அம்மா காரியமெல்லாம் முடிஞ்சு நான் இங்க திரும்பி வந்தப்புறம், ஹால் படம் இப்படிப் போக ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் வேலைக்கு நடுவுல கடை கம்ப்யூட்டர்ல அப்பாவைப் பார்த்தேன். நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. அப்பவே அப்பாகிட்ட இருந்து ஃபோன் வந்துச்சு. மார்க்கெட்ல நிக்கறேன், உனக்குச் சட்டைத்துணி ஒண்ணு பார்த்தேன், என்ன கலர் வேணும்ங்கறாரு. பின்னாடி பஸ் ஹார்ன் கேக்குது. கம்ப்யூட்டர்ல அப்பா பேப்பரைத் திருப்பாம உக்காந்திருக்காரு." அவள் குரல் அங்கே உடைந்தது. "அப்பதாங்க்கா எனக்கு உறைச்சுது, அன்னைக்கு நான் பார்த்தது எந்த நேரத்துப் படமோன்னு. நான்தாங்க்கா சொன்னேன். 'மெதுவா வாங்கப்பா'ன்னு நான்தான் சொன்னேன்."

"அழாதம்மா" என்றேன். தெருவில் நின்று அழுதுகொண்டு இன்னொருத்தியை அழாதே என்று சொல்கிற லட்சணம்!

"அப்பா சொல்றாரு, அம்மா அவரு கையிலயே போயிட்டாங்கன்னு. உண்மையை நான் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் சொல்றாரு. எனக்குப் புரியுது. ஆனா அத ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவரு குரல்ல ஒரு நிம்மதி வரும்க்கா, நிஜமாவே அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்த மாதிரி. அத நான் எப்படிப் பிடுங்குவேன்? எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. நீங்க சொல்லிடாதீங்கக்கா. சத்தியம் பண்ணுங்க."

அப்போதுதான் எனக்கு அந்தக் கையாட்டல் புரிந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தொழிலில் இருக்கிற எனக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டாமா? படம் நின்றுபோகும் என்று தெரிந்தவர்கள்தான் கையை ஆட்டச் சொல்வார்கள். அவர் தண்டவாளத்தையும் ஜன்னலையும் நினைத்துக்கொண்டு ஆட்டுகிறார். அவளோ, அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கிறாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது என் கதை. அப்பனுக்கு ஒரு வாக்கு, மகளுக்கு ஒரு வாக்கு. ரெண்டும் ஒரே வாக்கு. உள்ளே ஓடிப்போய், 'யோவ், உன் பொண்ணுக்கு எல்லாம் தெரியும், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை வாய்விட்டு அழுது தொலைங்க' என்று கத்த வேண்டும் போல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கத்துவதற்கு நான் யார்? கேமரா சரிசெய்ய வந்தவள்.

"சத்தியம்" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். என் கண்ணைப் பார்த்து, "தூசிம்மா அங்க, தெரு பூரா தோண்டிப் போட்டிருக்கான்" என்று அவரே ஒரு காரணம் எடுத்துக் கொடுத்தார். கேமரா ப்ளக்கைச் சொருகினேன், பேட்டரியை மாட்டினேன். பெட்டியில் செய்ய வேண்டியதைச் செய்தேன். கடைசியில் படத்தின் மூலையில் நேரம் ஓடும்படி வைக்கப் போனபோது அவரைக் கேட்டேன்.

"நேரம் ஓடினா நல்லதுய்யா. வினாடி நகர்ந்தா படம் ஓடுதுன்னு பாத்ததும் தெரியும்."

அவர் தயங்கினார். "என் வீட்டம்மாவுக்கு அது பிடிக்காதும்மா. மாட்ட வந்தவன்கிட்ட அவதான் எடுக்கச் சொன்னா. 'வாழ்நாள் பூரா இவரோட ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தது போதாதா, என் வீட்டு ஹால்ல அது எதுக்கு'ன்னு சண்டை போட்டா." பச்சை விரிப்பைப் பார்த்தார். "சரி. இனிமே ஓடட்டும்."

முன்னால் மாட்டியவனைத் திட்டினேனே, அந்தத் திட்டு யார் மேல் போய் விழுந்திருக்கிறது பாருங்கள்.

மோட்டாரை நானே போட்டேன். விளக்கு மங்கியது, படம் நிற்கவில்லை. வைஃபையை வேண்டுமென்றே அணைத்தேன்; டேப்லெட் கறுத்தது. பழைய படத்தின் சுவடுகூட இல்லை. அவர் ஒரு நிபுணர் போல அருகில் வந்து பார்த்து, "சிவப்பு" என்றார். மறுபடி போட்டேன். ஹால் வந்தது, மூலையில் வினாடிகள் ஓடின.

மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "பாப்பா, வந்துடுச்சு பாரு. ப்ளக் லூஸாம்மா. இந்தம்மா கண்டுபிடிச்சுட்டாங்க."

"அப்படியாப்பா? சரிப்பா." அவள் குரலில் ஒரு துளி அழுகையின் தடம் இல்லை. எங்கிருந்துதான் அவ்வளவு சுத்தமாகத் துடைத்தாளோ. "ஆமாப்பா, நல்லா தெரியுது. மூலையில நேரம்கூட ஓடுதே."

"ஓடுது, ஓடுது."

இனிமேல் கையாட்டத் தேவையில்லை என்று நினைத்தேன். வினாடி நகர்கிறது, அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? அவள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்: நாற்காலி, அப்பா, பாதி மடித்த விரிப்பு.

"அப்பா."

"சொல்லு பாப்பா."

"கையை ஆட்டுங்கப்பா."

அவர் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, சொன்னேன்ல?" என்கிற மாதிரி வெட்கமாக ஒரு சிரிப்புச் சிரித்தார். சோபாவுக்கு முன்னால் நேராகப் போய் நின்றார். கழுத்துப் பித்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கையைத் தூக்கி ஆட்டினார்.

"தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா."

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் ஆட்டுங்கப்பா."

அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் தரையில் குனிந்து, பைக்குள் ஏற்கெனவே போட்டுவிட்ட ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். என் முகம் கேமராவில் விழுந்துவிடக் கூடாது. அது இப்போது நடப்பதை நடக்கிறபடியே காட்டும். நான்தானே சரிசெய்தேன்.